கட்டுரை இருக்கிறது, கைக்கு வரவில்லை: நூலகத் தேடலில் எங்கே அறுபடுகிறது?

கையில் ஒரு ரெஃபரன்ஸ் இருக்கிறது. எழுதியவர் பெயர், தலைப்பு, ஆய்விதழ், ஆண்டு எல்லாம் இருக்கிறது. நூலகத்தின் தேடுபெட்டியில் போட்டால் ஒன்றுமே வரவில்லை. அல்லது ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறது. அல்லது வர வேண்டியது வந்துவிட்டது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது. நூலக உதவி மேசைக்கு வருகிறவர்கள் இந்த மூன்றையும் ‘கட்டுரை கிடைக்கலை சார்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். மூன்றும் வேறு வேறு கோளாறு. ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது.

ஒரு கட்டுரை உங்கள் திரைக்கு வந்து சேர நான்கு காரியங்கள் கூடி வர வேண்டும். அதைப் பற்றிய விவரக்குறிப்பு தேடுகருவியிடம் இருக்க வேண்டும். அந்த இதழின் அந்த ஆண்டுக்கு உங்கள் நூலகம் சந்தா கட்டியிருக்க வேண்டும், அல்லது கட்டுரை இலவசமாக இருக்க வேண்டும். விவரக்குறிப்பிலிருந்து கட்டுரைக்குப் போகும் லிங்க் சரியாக இருக்க வேண்டும். கடைசியாக, நீங்கள் அந்த நூலகத்தின் வாசகர்தான் என்று பதிப்பகத்தின் கணினிக்குத் தெரிய வேண்டும். இந்த நான்கில் எது அறுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

உதாரணத்துக்கு ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். சுப்ரமணியன் சந்திரசேகர் 1931இல் எழுதியது, ‘தி மேக்ஸிமம் மாஸ் ஆஃப் ஐடியல் ஒயிட் டுவார்ஃப்ஸ்’. அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல், தொகுதி 74, பக்கம் 81. சந்திரசேகர் வரம்பு என்று இயற்பியல் மாணவர்கள் படிக்கிறார்களே, அதன் தொடக்கக் கட்டுரைகளில் ஒன்று. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே கட்டுரையில் காட்டிவிடலாம் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முழுத் தலைப்பையும் போட்டேன், ஒன்றுமே வரவில்லை

முதலில், எந்தப் பெட்டியில் தேடினீர்கள்? நம் கல்லூரி நூலகங்களில் பெரும்பாலும் முகப்பில் இருப்பது ஓபாக், அதாவது நூலக அட்டவணை. கோஹா போன்ற மென்பொருளில் ஓடுவது. அதில் புத்தகங்கள் இருக்கும், இதழ்களின் பெயர்கள் இருக்கும். இதழுக்குள் இருக்கும் கட்டுரைகள் இருக்காது. பேருந்து நிலைய அறிவிப்புப் பலகைக்கு வண்டி எண் தெரியும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் பெயர் தெரியாது இல்லையா, அதுபோல. ஓபாக்கில் கட்டுரைத் தலைப்பைப் போட்டுவிட்டு ‘எங்கள் நூலகத்தில் இல்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் உதவி மேசைக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி.

கட்டுரைகளைத் தேடுவதற்கு வேறு கருவி இருக்கும். எப்ஸ்கோ டிஸ்கவரி, ப்ரைமோ, சம்மன் என்று ஏதாவது ஒன்று. முகப்பில் ‘அனைத்தையும் தேடு’, ‘கட்டுரைகள்’, ‘மின்வளங்கள்’ என்று எழுதியிருக்கும் பெட்டியையோ பட்டியையோ பாருங்கள். அப்படி எதுவுமே இல்லாத கல்லூரி என்றால் கூகுள் ஸ்காலரில் தொடங்குங்கள், தவறில்லை.

பெட்டி சரி என்றால் அடுத்த சந்தேகம், நீங்கள் ஒட்டிய தலைப்பின் மேல். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குப்பை கூடவே வருகிறது. வரி முடிவில் உடைந்த சொல்லின் நடுவே ஒரு சிறு கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் ‘எஃப்’, ‘ஐ’ இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்துருவாக அச்சாகியிருக்கும். கணினிக்கு அது இரண்டு எழுத்து ஆகாது. வளைந்த மேற்கோள் குறிகளைச் சில கருவிகள் மேற்கோளாகவே மதிப்பதில்லை. ஆகவே ஒட்டாதீர்கள், தட்டச்சு செய்யுங்கள். அதுவும் முழுத் தலைப்பை வேண்டாம். அரிதான மூன்று நான்கு சொல்லும் எழுதியவர் பெயரும் போதும். நம் உதாரணத்தில் ‘மேக்ஸிமம் மாஸ் ஐடியல்’ என்பதோடு சந்திரசேகர். ‘ஒயிட் டுவார்ஃப்ஸ்’ என்பதை விட்டுவிட்டதற்குக் காரணம் உண்டு: அதை ‘டுவார்வ்ஸ்’ என்று எழுதும் பழக்கமும் இருக்கிறது. ரெஃபரன்ஸ் எழுதியவர் மாற்றி எழுதியிருந்தால், மேற்கோள் குறிக்குள் தேடும்போது அந்த ஒற்றை எழுத்திலேயே காரியம் கெட்டுவிடும்.

மூன்றாவது, ஓரத்தில் இருக்கும் வடிகட்டிகள். போன தேடலில் ‘கடந்த 10 ஆண்டுகள்’ என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். சில கருவிகள் அதை மறப்பதில்லை. 1931ஆம் ஆண்டுக் கட்டுரை அதில் எப்படி வரும்? ‘முழு உரை மட்டும்’, ‘மதிப்பாய்வு செய்யப்பட்டவை மட்டும்’ என்ற இரண்டும் இதே வகை. தேடுபெட்டிக்குப் பக்கத்தில் ‘தலைப்பு’, ‘ஆசிரியர்’, ‘இதழின் பெயர்’ என்று விரியும் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். கட்டுரைத் தலைப்பை ‘இதழின் பெயர்’ என்ற இடத்தில் தேடினால் விடை பூஜ்ஜியம்தான்.

இதையெல்லாம் சரிசெய்தும் பூஜ்ஜியமா? ப்ரைமோ, சம்மன் போன்றவை வழக்கமாக உங்கள் நூலகத்தில் கிடைக்கக்கூடியவற்றை மட்டுமே காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். ‘நூலகத்தின் சேகரிப்புக்கு அப்பாலும் தேடு’ என்ற பொருளில் ஒரு சின்னக் கட்டம் எங்காவது இருக்கும். அதைச் சொடுக்கியதும் கட்டுரை எட்டிப் பார்த்தால், கோளாறு உங்கள் தேடலில் இல்லை, சந்தாவில். கீழே அதற்குத் தனியாக வருகிறேன்.

வருகிறது, ஆனால் எது என்னுடையது என்று தெரியவில்லை

தலைப்பின் மூன்று நான்கு சொற்களை நேரான இரட்டை மேற்கோளுக்குள் போட்டாலே குவியல் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அப்புறம் ஆண்டைப் போடுங்கள். அதிலும் மீதி இருப்பவை பெரும்பாலும் கட்டுரையின் உறவினர்கள்: அதே தலைப்பைச் சுமந்து வரும் மறுப்புகள், திருத்தங்கள், அச்சுக்கு முந்தைய வடிவங்கள், நூல் மதிப்புரைகள்.

சில நேரம் உறவுக்காரர்கள் எழுதியவரிடமிருந்தே வருவார்கள். சந்திரசேகர் 1931இல் ‘ஒயிட் டுவார்ஃப்ஸ்’ எனப்படும் வெண்குறு விண்மீன்களைப் பற்றி ஒரே ஒரு கட்டுரையா எழுதினார்? ஃபிலசாஃபிக்கல் மேகசின் இதழில் அவற்றின் அடர்த்தி பற்றி ஒன்று; லண்டன் ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டியின் மன்த்லி நோட்டீசஸில் இன்னொன்று; நாம் தேடும் அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல் கட்டுரை மூன்றாவது. பொருள் ஒன்று, ஆள் ஒன்று, ஆண்டும் ஒன்று. தலைப்பை மேலோட்டமாகப் பார்த்து முதலில் வந்ததைப் பதிவிறக்கினால், உங்கள் கைடு கேட்டது வேறாகவும் நீங்கள் படித்தது வேறாகவும் இருக்கும். தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பதிவிறக்கம்.

இன்னொரு சின்ன விஷயம். அந்த அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல் கட்டுரை 81, 82 என்று இரண்டே பக்கம். ‘பிடிஎஃப் பாதியில் நின்றுவிட்டது’ என்று புகார் சொல்லும் முன் ரெஃபரன்ஸில் கடைசிப் பக்க எண் என்னவென்று பாருங்கள். முழுசாகத்தான் வந்திருக்கும்.

பெயர் சரியாக இருக்கிறது, ஆள் வேறாக இருக்கிறார்

இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி. தலைப்பெழுத்தும் சொந்தப் பெயரும் கொண்ட நம் வழக்கத்தை, குடும்பப் பெயர் கொண்ட மேலைநாட்டுப் பட்டியல்களில் திணித்ததால் வந்தது.

எஸ். சந்திரசேகர் என்று தேடிப் பாருங்கள். சி. வி. ராமனின் அண்ணன் மகனான வானியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் வருவார். ராமனின் சகோதரி மகனான சிவராமகிருஷ்ண சந்திரசேகரும் வருவார். இவர் திரவப் படிக ஆய்வாளர், தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன திரவப் படிகங்களைப் பற்றிய 1977ஆம் ஆண்டு ‘பிரமாணா’ கட்டுரையை எழுதியவர்களில் முதல்வர். இருவருமே இயற்பியல் என்பதால் துறையை வைத்து வடிகட்டினாலும் பிரியமாட்டார்கள். இவர்கள் போதாதென்று மக்கள்தொகை ஆய்வாளரும் மத்திய அமைச்சராக இருந்தவருமான ஸ்ரீபதி சந்திரசேகரும் வந்து நிற்பார். மூவரும் எஸ். சந்திரசேகர்தான்.

இங்கே ஆசிரியர் பெயரை மட்டும் நம்பித் தேடுவது வீண். பெயரோடு தலைப்பின் ஒரு சொல், அல்லது இதழின் பெயர், அல்லது ஆண்டு, ஏதாவது ஒன்று துணைக்கு வேண்டும்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. சந்திரசேகரை ஆங்கிலத்தில் ‘எச்’ போட்டும் போடாமலும், ‘எஸ்’ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு ‘எச்’ சேர்த்தும் எழுதுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவான முன்பாதியை மட்டும் தட்டி நட்சத்திரக் குறி போட்டால் பல கருவிகள் மீதியைத் தாங்களே நிரப்பித் தேடும். பெயரையும் தலைப்பெழுத்தையும் முன்பின்னாக மாற்றியும் ஒருமுறை தேடுங்கள். நம் ஊர் ஆய்வாளர்கள் சிலருக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். கட்டுரையை எழுதியது மகள், பட்டியலில் இருப்பது தகப்பனார்.

இதழின் பெயரே விளங்கவில்லை, அல்லது அப்படி ஓர் இதழே இல்லை என்கிறது

ரெஃபரன்ஸில் இதழின் பெயர் சுருக்கமாக இருந்தால் அதை அப்படியே பெட்டியில் போடாதீர்கள். அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலை வானியல்காரர்கள் மூன்றே எழுத்தில் எழுதுவார்கள். கரண்ட் சயின்ஸ் ‘கர் சை’ ஆகிவிடும். மருத்துவ இதழ் என்றால் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இதழ்ப் பட்டியலில் சுருக்கத்தைப் போட்டால் முழுப்பெயர் கிடைக்கும். கூடவே ஐஎஸ்எஸ்என் என்ற எட்டு இலக்க எண்ணும் கிடைக்கும். பெயர் ஒத்துப்போகும் இதழ்கள் பல இருக்கும்போது அந்த எண்தான் கைகொடுக்கும். அச்சு வடிவத்துக்கு ஒன்று, இணைய வடிவத்துக்கு ஒன்று என இரண்டு எண் இருக்கலாம் என்பதால் ஒன்றில் வராவிட்டால் மற்றதையும் போடுங்கள்.

பெயர் மாறிய இதழ்கள் இன்னும் மோசம். தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றின் சமூக அமைப்பைப் பற்றி மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1952இல் எழுதிய கட்டுரையைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ‘எகனாமிக் வீக்லி’யில் வந்தது. 1949இல் தொடங்கிய அந்த இதழ், 1966 முதல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ ஆயிற்று. தொகுதி எண்ணும் மறுபடி 1லிருந்து தொடங்கியது. ஆகவே ரெஃபரன்ஸில் ‘தொகுதி 4’ என்று இருப்பதை நம்பி இப்போதைய பெயருள்ள இதழின் நான்காம் தொகுதியைத் திறந்தால் 1969க்குப் போய்விடுவீர்கள். ஆண்டும் தொகுதியும் முரண்படுவதாகத் தோன்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பெயர் மாற்றத்தைத்தான்.

போகிற போக்கில் ஒன்று. ரெஃபரன்ஸில் நூலின் பெயரும் பதிப்பாசிரியர்கள் பெயரும் இருந்தால் அது இதழ்க் கட்டுரையே இல்லை, புத்தகத்தில் ஓர் அத்தியாயம். அப்போது மேலே நான் ஒதுக்கிய அதே ஓபாக்கில் புத்தகத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

டிஓஐ எண் இருக்கிறது, ஆனால் பிழை என்று வருகிறது

டிஓஐ என்பது கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர எண். 10 என்று தொடங்கும், ஒரு புள்ளி, சில இலக்கங்கள், சாய்கோடு, அப்புறம் மீதி. நம் உதாரணக் கட்டுரைக்கு 10.1086/143324. டிஓஐ தளத்தின் முகவரிக்குப் பின்னால் இதை ஒட்டினால் நேரே கட்டுரைக்குப் போகலாம். இதன் அருமை என்னவென்றால், 1086 என்பது சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தைக் குறிப்பது. அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல் 2009இல் வேறு பதிப்பகத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் பழைய கட்டுரையின் எண் மாறவில்லை. 1931இல் டிஓஐயே கிடையாது, பின்னால் கொடுத்தார்கள். ஆகவே பழைய கட்டுரைக்கு டிஓஐ இருக்காது என்று நினைத்துத் தேடாமல் விட வேண்டாம்.

பிழை வந்தால் பெரும்பாலும் காரணம் அற்பமானது. வாக்கியத்தின் முற்றுப்புள்ளி எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வரி உடைந்த இடத்தில் ஓர் இடைவெளி புகுந்திருக்கும். பூஜ்ஜியத்துக்குப் பதில் ‘ஓ’ எழுத்து இருக்கும். இவற்றைக் களைந்தும் வராவிட்டால் எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு, டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் இலவசத் தேடலில் தலைப்பையும் ஆசிரியரையும் கொடுங்கள். சரியான எண் அங்கே கிடைக்கும். நம் ஊர்ச் சிறு இதழ்கள் பலவற்றுக்கு டிஓஐ கிடையவே கிடையாது.

கட்டுரை கண்முன்னே இருக்கிறது, 40 டாலர் கட்டு என்கிறது

பணம் கட்டாதீர்கள். முதலில் இணைப்பைப் பாருங்கள். பதிப்பகத்தின் கணினி உங்களை முகத்தால் அறியாது, ஐபி முகவரியால், அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண்ணால் அறியும். வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பீர்கள், ஆனால் போன் வளாக வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். பதிப்பகத்துக்கு நீங்கள் யாரோ ஒரு வழிப்போக்கர். விபிஎன் போட்டிருந்தாலும் இதே கதை. அதை அணைத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள்.

வீட்டிலிருந்து என்றால் கூகுளில் தேடி நேராகப் பதிப்பகத்துக்குப் போகக்கூடாது; நூலகத்தின் பக்கம் வழியாக உள்ளே நுழைய வேண்டும். பல நூலகங்கள் ப்ராக்ஸி வைத்திருக்கும், அதாவது உங்களை நூலகத்தின் பெயரில் பதிப்பகத்துக்குக் கூட்டிப்போகும் இடைவழிக் கணினி. அதன் வழியாகப் போயிருந்தால் முகவரிப் பட்டையில் பதிப்பகத்தின் பெயரோடு உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இல்லையென்றால் வாசல் தவறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ப்ராக்ஸி இல்லாத இடங்களில் பதிப்பகத்தின் பக்கத்திலேயே ‘நிறுவனம் வழியாக உள்நுழைக’ என்று ஒரு லிங்க் இருக்கும். அங்கே இன்ஃபெட் என்ற கூட்டமைப்பைத் தேர்ந்தெடுத்து, உங்கள் நிறுவனத்தைத் தேடி, நூலகம் கொடுத்த பயனர் பெயரைப் போட வேண்டும். அந்தப் பயனர் பெயரை வாங்கியே வைக்காத ஆய்வு மாணவர்கள் ஏராளம். பிஎச்டி பதிவு முடிந்த கையோடு வாங்கி வைத்துவிடுங்கள்.

அரசுக் கல்லூரிகளிலும் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இருப்பவர்களுக்கு 2025 முதல் நிலைமை மாறியிருக்கிறது. மத்திய அரசே மொத்தமாக இதழ்ச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் கொடுத்தது. 3 ஆண்டுக்கு ₹6,000 கோடி, 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. 2024 வரை கிடைக்காத இதழ் இப்போது கிடைக்கலாம். பழைய ஏமாற்றத்தை வைத்து முடிவு செய்யாமல் மறுபடி தேடிப் பாருங்கள். தொடக்கத்தில் திட்டம் அரசு நிறுவனங்களுக்கானதாகவே வகுக்கப்பட்டது. சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரிக்கு என்ன சந்தா இருக்கிறது என்று நூலகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி.

கூகுள் ஸ்காலரை விட்டு வர மனம் இல்லாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதன் அமைப்புகளில் ‘நூலக இணைப்புகள்’ என்ற பகுதியில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிச் சேர்த்துவிட்டால், நூலகம் அதற்கு ஏற்பாடு செய்திருக்கும் பட்சத்தில், முடிவுகளுக்கு வலப்பக்கத்தில் உங்கள் நூலகத்தின் வழி தெரியும்.

இதழ் நம்மிடம் உண்டு என்கிறது, இந்தக் கட்டுரை மட்டும் இல்லை

சந்தா என்பது இதழுக்கு மட்டும் இல்லை, ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான். ‘1997 முதல் இன்று வரை’ என்று இருந்தால் 1996 உங்களுக்கு இல்லை. மறுபக்கத்தில் ஜேஸ்டோர் போன்ற தொகுப்புகள் பழையதைத் தருவதற்கென்றே உருவானவை. அங்கே பல இதழ்களுக்குக் கடைசி 3 முதல் 5 ஆண்டுகள் இருக்காது, ஆண்டு நகர நகர அந்த எல்லையும் நகரும். எனவே புதிய கட்டுரைக்கு ஒரு வாசல், பழையதற்கு இன்னொரு வாசல். இதழின் பெயரைச் சொடுக்கினால் எந்தத் தொகுப்பில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற பட்டியல் வரும். தேடுகருவி காட்டும் முதல் லிங்கை மட்டும் அமுக்கிவிட்டு ஒதுங்கிவிடாமல் அந்தப் பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

அப்புறம், அலமாரி. பழைய பல்கலைக்கழக நூலகங்களில் பைண்டு செய்த தொகுதிகள் வரிசையாக இருக்கும், யாரும் தொடுவதில்லை. இணையத்தில் 1970களின் எல்லை தாண்டாத இதழ் ஒன்று மாடியில் தூசியோடு முழுசாக இருப்பது சகஜம். ஓபாக்கில் இதழின் பெயரைத் தேடினால் எந்தெந்தத் தொகுதி இருக்கிறது என்று சொல்லும்.

லிங்கை அமுக்கினால் இதழின் முகப்புக்குப் போகிறது

தேடுகருவி ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவற்றைக் கோத்து அந்தந்த நேரத்தில் லிங்கைத் தயாரிக்கிறது. அதில் ஒன்று பிசகினால் கட்டுரைக்குப் பதில் முகப்பில் இறக்கிவிடும், அல்லது வெற்றுப் பக்கம் வரும். மன்றாடிக்கொண்டிருக்க வேண்டாம். அங்கேயே ‘எல்லா இதழ்களும்’ (‘ஆல் இஷ்யூஸ்’) என்று இருக்கும், ஆண்டு, தொகுதி, இதழ் எண் என்று இறங்கிப் பக்க எண்ணைப் பிடித்துவிடலாம். என்னைக் கேட்டால், சரியான ரெஃபரன்ஸ் கையில் இருக்கும்போது தலைப்பைத் தேடுவதைவிட இப்படி இறங்கிப் போவதே வேகம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. புதிய கட்டுரைகள் பலவற்றுக்குப் பக்க எண் கிடையாது, கட்டுரை எண்தான். பிசிக்கல் ரிவ்யூ குடும்பத்து இதழ்களில் பெரும்பாலானவை 2001 முதல் ஆறு இலக்க எண் கொடுக்கின்றன. ரெஃபரன்ஸில் பக்கம் ஆறு இலக்கத்தில் இருந்தால் அதைப் பக்கம் என்று எண்ணித் தேடாதீர்கள்.

தமிழ்க் கட்டுரை, தமிழில் தேடினால் எதுவுமே வருவதில்லை

வராது. பெரிய தேடுகருவிகளின் கிடங்கில் தமிழ் ஆய்விதழ்களின் கட்டுரைத் தலைப்புகள் மிகக் குறைவு. இங்கே உத்தியை மாற்ற வேண்டும்: கட்டுரையைத் தேடாமல் இதழைத் தேடி, இதழுக்குள் போய்க் கட்டுரையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்கு முதலில் ரெஃபரன்ஸைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘செந்தமிழ்ச் செல்வி, சிலம்பு 12, பரல் 4’ என்று இருந்தால் சிலம்பு என்பது தொகுதி, பரல் என்பது இதழ் எண். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப் பொழிலில் தொகுதிக்குத் துணர் என்றும் இதழுக்கு மலர் என்றும் பெயர். இது தெரியாமல் ‘சிலம்பு’ என்ற இதழைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. ஆண்டும் அப்படித்தான். பிரமோதூத ஆண்டு என்றால் 1930–31ஆகவும் இருக்கலாம், 1990–91ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழிக்க வேண்டும்.

எழுத்துரு விஷயத்துக்கு வருவோம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தயாரான பிடிஎஃப்புகளில் திரையில் தமிழ் அழகாகத் தெரியும்; நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குழம்பாக விழும். கணினிக்கு உள்ளே இருப்பது அந்தக் குழம்புதான், ஆகவே தேடலில் சிக்காது. யூனிகோடிலும் பள்ளம் உண்டு. ஔவையார் என்பதில் முதலெழுத்து ஒற்றை எழுத்து. ஆனால் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று உள்ளிட்டவர்கள் ஏகப்பட்ட பேர். ‘ஸ்ரீ’ இருவிதமாக உள்ளிடப்படுகிறது, திரையில் இரண்டும் ஒன்று போலவே நிற்கும். சந்தேகமாக இருந்தால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு வேறு சொல்லால் தேடுங்கள்.

பல நூலகங்கள் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் உள்ளிட்டிருக்கும். அதிலும் ஒரே மாதிரி இல்லை. வெளிநாட்டு நூலகங்கள் சகரத்துக்கு ‘சி’ என்ற ஆங்கில எழுத்தைப் போடும். நாம் ‘எஸ்’ போடுவோம். ‘செந்தமிழ்’ இதழை மூன்று நான்கு கூட்டலில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்ல வேண்டும்.

இதழ்களின் நகல் எங்கே என்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் நிறைய ஏறியிருக்கின்றன. இலங்கைத் தமிழ் இதழ்களுக்கு நூலகம் நிறுவனத்தின் தளம். அங்கே பல இதழ்களுக்கு உள்ளடக்கப் பட்டியலும் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதால் கட்டுரைத் தலைப்பிலும் தேடலாம். இரண்டிலும் இல்லையென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கன்னிமாரா நூலகம் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களையும் இதழ்களையும் பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று என்பதால் அங்கேயும் கேட்கலாம்.

எங்கே தேடினாலும் இல்லை

அப்படியானால் கட்டுரையே இல்லாமல் இருக்கலாம். செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவியிடம் வாங்கிய ரெஃபரன்ஸ் என்றால் இந்தச் சந்தேகம் முதலிலேயே வர வேண்டும். ஆசிரியர் உண்மையானவர், இதழ் உண்மையானது, தலைப்பும் நம்பும்படி இருக்கும்; மூன்றும் சேர்ந்த கட்டுரை மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

சோதிக்கும் வழி சுலபம். இதழின் தளத்துக்குப் போய், சொல்லப்பட்ட தொகுதியில் சொல்லப்பட்ட பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல் அக்காலத்தில் ஆண்டுக்கு இரண்டு தொகுதி. 1931இல் 73, 74. யாராவது ‘தொகுதி 74, 1935’ என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று தவறு. தளத்தில் அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை இருந்தால், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆசிரியர் பெயரை ஒருமுறை தேடுங்கள். எண் மட்டும் தவறியிருந்தால் அங்கே அகப்பட்டுவிடும். அதுவும் இல்லையென்றால் ரெஃபரன்ஸை நீக்கிவிடுங்கள். பல ஆய்வேடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்த தவறான ரெஃபரன்ஸும் இதே சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

இருக்கிறது, ஆனால் நம் நூலகத்தில் இல்லை

இலவச நகலை முதலில் தேடுங்கள். அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டுவிட்டால், ஆசிரியரோ அவருடைய பல்கலைக்கழகமோ சட்டப்படி ஏற்றிவைத்த நகல் இருக்கும்போது பக்க ஓரத்தில் பூட்டு பச்சையாகத் திறக்கும். துறைக்கென்று தனிக் கிடங்குகளும் உண்டு. மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல். வானியல் என்றால் அஸ்ட்ரோபிசிக்ஸ் டேட்டா சிஸ்டம். நம் 1931ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஸ்கேன் நகல் அங்கே யாருக்கும் இலவசம், நூலகமே தேவையில்லை. பிரமாணா உள்ளிட்ட இந்திய அறிவியல் அகாதமி இதழ்களின் பழைய கட்டுரைகள் அகாதமியின் தளத்திலேயே திறந்து கிடக்கின்றன. கட்டுரையை எழுதியவர் இந்தியாவில் முனைவர் பட்டம் பெற்றவர் என்றால் இந்திய ஆய்வேடுகளின் இணையக் கிடங்கான சோத்கங்காவில் அவருடைய ஆய்வேட்டைப் பாருங்கள். கட்டுரையின் விஷயம் விரிவாக அதிலேயே இருக்கும்.

அதற்கும் மேல் என்றால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாம். நாலு வரி போதும், பெரும்பாலும் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள். அல்லது நூலகரிடம் கேளுங்கள். உங்கள் நூலகம் டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பில் உறுப்பினராக இருந்தால் வேறொரு நூலகத்திலிருந்து நகல் வரவழைக்க முடியும். கேட்கும்போது ‘இந்தக் கட்டுரை வேணும் மேடம்’ என்று தலைப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஆசிரியர், இதழின் முழுப்பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம், டிஓஐ இருந்தால் அது, இந்த ரெஃபரன்ஸை எந்த நூலில் எத்தனையாம் பக்கத்தில் பார்த்தீர்கள், ஏற்கெனவே எங்கெங்கே தேடினீர்கள், பிழை வந்த திரையின் ஒரு படம், இவ்வளவையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள்.